பதினாறாம் பக்கம்

செஞ்சி,
16.06.2024

அன்பு மருமகள் மஞ்சுவுக்கு,

அத்தை மீனம்பாள் எழுதுவது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, குளிக்க நல்ல தண்ணீர் வருகிறதா என்று முதலில் எழுது.

மில் ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாமே. உன் அம்மாதான் சொன்னாள், விலாசமும் அவள்தான் கொடுத்தாள். உன் நைனாவிடம் கேட்டால் "நீ பண்ணது போதும்"னு கதவைச் சாத்திக்கொண்டார். கூடப்பிறந்த அண்ணன், அதே தெரு, இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்கவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். வாத்தியார் புத்தி, எழுதினால்தான் எனக்கு எதுவும் விளங்கும். ஆங்கிலம் என்றாலே பெஞ்சுக்கு அடியில் ஒளியும் பெண்களைத் தானாகப் படிக்க வைக்க வேண்டும் என்றுதான் 'தினம் ஒரு பக்கம்' பேஜை இன்ஸ்டாவில் ஆரம்பித்தேன். தினமும் ஒரு கதைப் புத்தகத்தில் ஒரு பக்கம், ஒரு நிமிட வீடியோ. கோட்டையில் கல்யாண மகால் படியில் உட்கார்ந்து நீ படித்த வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அதன் கீழே உன் பெயர், வகுப்பு, தகப்பனார் பெயர், நம் தெருவின் பெயர் எல்லாம் போட்டேன். ரிசல்ட் வந்தால் பேனரில் போடுவது போலத்தான் போட்டேன். காலனி என்று எழுத எனக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. எவனோ அதை ஒன்பது நொடியாக வெட்டி, கழுதை கத்துகிற சத்தத்தைச் சேர்த்து, "காலனிக்கு இங்கிலீசு கேக்குதா" என்று எழுதி ஊரெல்லாம் விட்டான். வல்லத்தில் உன் நைனா சுவர் எழுப்பிக்கொண்டிருந்த வீட்டில், வீட்டுக்காரர் மகனே போனை நீட்டி, "இன்னா மேஸ்திரி, உம் பொண்ணாமே" என்றானாம். அடுத்த வாரம் நீ பஸ் ஏறிவிட்டாய்.

நீ கேட்டபடி அந்த வீடியோவைப் பேஜிலிருந்து எடுத்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் உன் பெயர் பதினேழாவது. அதை நான் அடிக்கவில்லை. நவம்பர் கடைசியில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போகும். அதற்குள் வந்துவிடு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
அத்தை

---

பல்லடம் அருகில்,
02.07.2024

அன்புள்ள அத்தைக்கு,

மஞ்சு எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

இங்கே எல்லோரும் நல்லவர்கள். வார்டன் அக்கா அன்பாகப் பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் வேலை எனக்கு. மூன்றாம் நாளே பழகிவிட்டது. வயதைப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து ஆகப்போவதுதானே.

ஹாலில் எண்பது பேர் படுக்கிறோம். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் வார்டன் அக்கா பார்த்துத்தான் தருவார். அது இங்கே வழக்கம்.

அம்மாவை மாத்திரை போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சு

---

செஞ்சி,
09.07.2024

அன்பு மஞ்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். தைலம் தேய்க்கிறேன், வலிதான் வேறு காலுக்கு மாறிக்கொள்கிறது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

எண்பது பேரில் ஒருவருக்கும் உன்னைத் தெரியாது என்று எழுதியிருந்தாய். போகப் போகத் தெரியட்டும். இங்கிலீஷ் படிக்கிற பெண் என்று தெரியட்டும்.

படிப்பு விட்டுப்போகக் கூடாது. அதனால் நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். நீ கோட்டையில் படித்தாயே, கலங்கரை விளக்கக்காரரின் மகள் கதை, என்னிடமுள்ள இன்னொரு பிரதியிலிருந்து அதன் அடுத்த பக்கத்தை, பதினேழாம் பக்கத்தை, என் கையால் எழுதி இந்த உறையில் வைத்திருக்கிறேன். அங்கே பேஜ் பார்க்க முடியாவிட்டால் என்ன, தபாலில் தினம் ஒரு பக்கம். தினம் முடியாது, மாதம் ஒரு பக்கம். நீ முழுதும் படித்து முடித்த கதைதானே, உனக்கு இது தண்ணீர் குடிக்கிற மாதிரி. படித்துவிட்டு நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அத்தை

---

பல்லடம் அருகில்,
11.08.2024

அன்புள்ள அத்தைக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை இருந்தது. கடிதம் கிடைத்தது. ஆங்கிலப் பக்கத்தை வார்டன் அக்கா பத்திரமாக வைத்திருக்கிறார். இனி அது வேண்டாம் அத்தை. உங்களுக்குச் சிரமம்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவார்கள். நான் இப்போது போவதில்லை. நல்ல ஓய்வு கிடைக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சு

---

செஞ்சி,
18.08.2024

அன்பு மஞ்சுவுக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். உன் கடிதம் ரேஷன் ரசீது அளவுக்கு இருந்தது. பரவாயில்லை, வந்ததே போதும். எனக்கு என்ன சிரமம், நான் சமைத்துப் போட யார் இருக்கிறார்கள். பதினெட்டாம் பக்கத்தையும் பத்தொன்பதாம் பக்கத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். வார்டன் அம்மாவும் படித்துக்கொள்ளட்டும், எனக்கு இன்னொரு மாணவி.

ஒரு நல்ல செய்தி. பேஜைப் பன்னிரண்டாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். மேல்சித்தாமூரிலிருந்து ஒரு பெண், அனந்தபுரத்திலிருந்து மூன்று பேர் புதிதாகப் படித்துப் போடுகிறார்கள். உன்னோடு போட்டி போடுவாளே அன்புக்கரசி, அவள் நாற்பது வீடியோ தாண்டிவிட்டாள். போன மாதம் அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, "மேடம், இத எல்லா ஸ்கூல்லயும் கொண்டாரலாம்" என்றார்கள். என் பெயரை ஒரு விருதுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். இதெல்லாம் யார் போட்ட விதை? நீ போட்டது. உன்னைக் கேலி செய்தவனுக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும், சொல்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போ. வெயிலும் காற்றும் உடம்புக்கு வேண்டும்.

அன்புடன்,
அத்தை

---

பல்லடம் அருகில்,
29.09.2024

அன்புள்ள அத்தைக்கு,

விருத்தாசலத்துப் பெண் ஒருத்தி லீவில் ஊருக்குப் போகிறாள். இந்தக் கடிதத்தை அவள் வெளியே போஸ்ட் செய்வாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன். நீங்கள் பதிலில் இதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

நீங்கள் அனுப்பும் ஆங்கிலப் பக்கம் வார்டன் அக்காவுக்குப் புரியாது. புரியாததால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைக்கிறார். முதல் பக்கம் வந்தபோது "எவன் எழுதறான்?" என்று கேட்டார். அத்தை என்றேன். "அத்த எதுக்குடி இங்கிலீசுல எழுதுது?" என்றார். ஞாயிற்றுக்கிழமை வெளியே போவதை நிறுத்தினார். அடுத்து இரண்டு பக்கம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் எண்பது பேர் முன்னால் என்னை ஸ்டூல் மேல் நிற்க வைத்து, அதை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, வேடிக்கைதான். எனக்குத்தான் எது எந்தச் சிரிப்பு என்று இப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இங்கே இங்கிலீசு என்று பெயர். "இங்கிலீசு, தண்ணி கொண்டா." இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். போன முறையே வேண்டாம் என்று எழுதினேன், நீங்கள் கவனிக்கவில்லை. தயவு செய்து தமிழில் மட்டும் எழுதுங்கள்.

தீபாவளிக்கு ஐந்து நாள் லீவு தருகிறார்கள். வருகிறேன். வந்தால் திரும்பிப் போகாமல் இருந்துவிட முடியுமா என்று நைனாவிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும். எனக்குப் பரீட்சை எழுத வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த வீடியோ இப்போது எங்கேயும் இல்லைதானே? அது இல்லை என்றால் நான் ஊருக்குள் நடந்துவிடுவேன்.

உங்கள்,
மஞ்சு

---

செஞ்சி,
06.10.2024

அன்பு மஞ்சுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இனி தமிழில் மட்டும்தான், சத்தியம்.

தீபாவளிக்கு வா. நேற்றே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கதவைச் சாத்துவதற்குள் உள்ளே நுழைந்து பாயில் உட்கார்ந்துவிட்டேன். உன் நைனா, "பரீட்ச எழுதணும்னு புள்ள சொல்லுதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வரட்டும், பாக்கலாம். ஆனா அந்த வீடியோ கீடியோன்னு ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சு, அவ்ளோதான்" என்றார். அந்த 'வரட்டும்' போதும் எனக்கு. உன் அம்மா எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள், ஆறு மாதம் கழித்து.

பெயர்ப் பட்டியலில் உன்னைச் சேர்த்துவிட்டேன். நீ வந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மத்தாப்புக் கலரில் ஒரு சுடிதார் எடுத்து வைத்திருக்கிறேன். அளவு போன வருடத்து அளவு. இளைத்திருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

பத்திரமாக வந்து சேர். விழுப்புரத்தில் இறங்கினால் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

அன்புடன்,
அத்தை

---

பல்லடம் அருகில்,
12.11.2024

அத்தைக்கு,

நான் தீபாவளிக்கு வரவில்லை. நீங்கள் விழுப்புரத்தில் நின்றிருப்பீர்கள். முழங்கால் வலியோடு நிற்க வைத்ததற்கு மன்னிக்கவும்.

இந்தக் கடிதத்தை வார்டன் அக்கா படித்தாலும் பரவாயில்லை.

லீவுக்கு நான்கு நாள் முன்னால் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். என் பக்கத்துப் பாய். வந்ததும் என்னையே பார்த்தாள். "நீ செஞ்சிக் கோட்டைல இங்கிலீசு படிச்ச பொண்ணுதான?" என்றாள். இல்லை என்றேன். "அட, போன வாரம்கூடப் பாத்தேன். அந்த டீச்சர் பேஜ்ல மொத வீடியோவே நீதான். உன் தெரு பேருகூடப் போட்டிருக்குது" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. ஆசையாகத்தான் சொன்னாள். எல்லோருக்கும் சொன்னாள். அன்று சாயங்காலம் எதிர்ப்பாயில் படுக்கிற ஒருத்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். தெரு பெயர் தெரிந்துவிட்டதே.

போன கடிதத்தில் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. சுடிதார் பற்றி எழுதினீர்கள்.

நான் உங்களிடம் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கலங்கரை விளக்கக் கதையை நான் படித்ததே இல்லை. முதலில் வாட்ஸாப்பில் நாம் பதினொரு பேர் மட்டும் இருந்தோமே, முகம் காட்டாமல், படித்த பக்கத்துக்குக் கீழே ஒரு வரி மட்டும் எழுதுவோமே, அப்போது உண்மையாகவே படித்தேன். மாடு கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து படிப்பேன். எந்தச் சொல் தெரியாவிட்டாலும் அன்புக்கரசிக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று இருக்கும். பேஜ் வந்த பிறகு படிக்கவில்லை. எந்தப் பக்கம் வாய்க்கு நன்றாக வரும் என்று தேடி, அதை மட்டும் முப்பது தடவை சொல்லிப் பார்ப்பேன். பதினாறாம் பக்கம் கோட்டைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதை மட்டும் படித்தேன். அந்தப் பெண் யார், ஏன் விளக்குக் கூண்டில் தனியாக இருக்கிறாள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. கழுதைச் சத்தம் சேர்த்து ஊரெல்லாம் விட்ட அன்றைக்கே வீடியோவை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். மூன்று நாள் கழித்து எடுத்தீர்கள்.

மஞ்சு

---

செஞ்சி,
18.11.2024

மஞ்சுக் கண்ணுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னை நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

ஜூனில் நான் எழுதியது பொய் இல்லை. அன்றைக்கு எடுத்துத்தான் இருந்தேன். ஜூலையில் அதிகாரிகள் பேஜைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நாற்பதாயிரம் பேர் பார்த்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நூறு, இருநூறு. மறைத்து வைத்திருந்ததைத் திரும்பப் போட்டேன். கமெண்ட் எழுத முடியாதபடி மூடிவிட்டேன், இனி யாரும் உன்னைப் பேச முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரு பெயரை அழிக்க மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கவில்லை. அழித்தால் நான் தோற்ற மாதிரி இருந்தது. நான் தோற்கக் கூடாது என்பதற்காக உன்னை அங்கே நிறுத்தி வைத்திருந்தேன்.

அக்டோபரில் நீ கேட்டபோதே எடுத்திருக்கலாம். விருது டிசம்பரில் முடிவாகும் என்றார்கள். நீ வந்து இறங்கும் காலையில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். இதுதான் உண்மை. இதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது பேஜையே அழித்துவிட்டேன். உன் நைனாவிடமும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. ஒரே ஒரு கையெழுத்து. படிவத்தை உன் அம்மாவிடம் கொடுத்து அனுப்பட்டுமா? ஒரு வரி எழுது.

அத்தை

---

செஞ்சி,
08.12.2024

மஞ்சுவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புயலில் தபால் தவறியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இங்கே பேய் மழை. நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவும் நைனாவும் பத்திரமாக என் வீட்டு மாடியில் இருந்தார்கள். ஐந்து நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. நைனா என்னோடு பேசவில்லை. ஆனால் நான் வடித்த கஞ்சியைக் குடித்தார்.

பள்ளி திறந்ததும் ஒரு ஆசையில் கேட்டேன். ஐந்து நாள் வீட்டில்தானே இருந்தீர்கள், யார் யார் என்ன படித்தீர்கள் என்று. நாற்பத்திரண்டு பெண்கள். ஒருத்தியும் கை தூக்கவில்லை. அன்புக்கரசியைப் பார்த்தேன். "டவரே இல்லியே மிஸ், யார் பாக்கப் போறாங்க?" என்றாள். இரண்டு வருடம் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். அலமாரியைத் திறந்து பார்த்தேன். பாதிப் புத்தகங்களில் நடுவே ஒரு பக்கம் மட்டும் அழுக்காக இருந்தது.

பட்டியல் அனுப்பக் கெடு முடிந்துவிட்டது. புயலால் இந்த மாதம் இருபதாம் தேதி வரை நீட்டியிருக்கிறார்கள். எனக்காக வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். வந்து எழுதிவிட்டுப் போ. நான் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொள்கிறேன்.

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே.

அத்தை

---

அனுப்புநர்:
ரா. மஞ்சு,
மில் பெண்கள் விடுதி,
பல்லடம் அருகில்.

பெறுநர்:
ஆங்கில ஆசிரியை அவர்கள்,
அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி,
செஞ்சி.

நாள்: 22.12.2024

பொருள்: மாற்றுச் சான்றிதழ் கேட்டல்.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் தங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு வரை பயின்றேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக மேற்கொண்டு படிக்க இயலவில்லை. மில்லில் மேலும் இரண்டு ஆண்டுகள் பணிபுரிய ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளேன். அவர்கள் கேட்பதால் எனது மாற்றுச் சான்றிதழை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பதிவேட்டில் பதினேழாவதாக உள்ள எனது பெயரை நீக்கிவிடவும்.

சான்றிதழைத் தபாலில் அனுப்ப வேண்டாம். என் அம்மா நேரில் வந்து பெற்றுக்கொள்வார்.

பள்ளி நூலகத்துக்கு நான் திருப்பித் தர வேண்டிய புத்தகம் ஒன்று உள்ளது. அது எங்கள் வீட்டுப் பரணில், மேல்தட்டில் இருந்ததால் மழையில் நனையவில்லை என்று அம்மா சொன்னார். அதையும் கொண்டுவந்து ஒப்படைப்பார். பதினாறாம் பக்கம் மட்டும் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருக்கும். மற்ற பக்கங்கள் புதிதாகவே இருக்கின்றன. வேறு சேதம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி,
ரா. மஞ்சு